ஸ்பிரிங் இல்லாத நாற்காலி

அன்புள்ள அப்பு,

நம் வீட்டு நாற்காலியின் மெத்தைக்குக் கரும்பச்சை ரெக்சின் போடுவது என்று, பதினோரு நாள் ஆலோசனைக்குப் பிறகு, சென்ற ஆவணி மாதம் இறுதியாக முடிவு செய்யப்பட்டது. ஆலோசனையில் கலந்துகொண்டவர்கள் நானும் உன் அம்மாவும். காப்பிக்கொட்டை நிறம்தான் அழுக்குத் தாங்கும் என்பது அவள் கட்சி. பச்சைதான் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது என் கட்சி. இரு தரப்பும் தத்தம் நிலையில் உறுதியாக நின்றதால் இரண்டு வேளை சோறு பேச்சில்லாமல் பரிமாறப்பட்டது. பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் விட்டுக்கொடுத்தாள். உள்ளே திணிப்பது நம் போடி ஊர் இலவம் பஞ்சாகத்தான் இருக்க வேண்டும், அதில் ஒரு கொட்டைகூட இருக்கக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. நான் ஒப்புக்கொண்டேன். இந்த வீட்டில் இதைவிடப் பெரிய விஷயங்கள் இதைவிடக் குறைந்த யோசனையில் முடிவாகியிருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தை மாதம் உனக்குக் கலியாணம். மதுரையில் வீடு பார்த்தாகிவிட்டது, முன்னறையில் போட அந்த நாற்காலியை அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த மாதிரிப் பழைய நாற்காலிக்கு இப்போது பட்டணத்தில் மதிப்பு என்று பெண்வீட்டார் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். அனுப்ப முடியுமா முடியாதா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அது என்ன நாற்காலி என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதோடு, உன் அம்மாவின் காது போனதைப் பற்றி நான் உனக்கும் அவளுக்கும் பதினான்கு வருடமாகச் சொல்லிவந்தது பொய் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பொய் தெரிந்தால் அவள் என்னோடு ஒரே கூரையின் கீழ் இருப்பாளா என்பதுதான் பதினான்கு வருடமாக என் கவலை. பொறுமையாக வரிசையாகப் படி.

குரங்கணிக்கு மேலே அந்த ஏலத்தோட்டத்தில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்ததை நீ அறிவாய். நீ அப்போது போடியில் பெரியப்பா வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். விடுமுறைக்கு வரும்போது மேனேஜர் பங்களா வராந்தாவில் அந்த நாற்காலியைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பாய். ஐம்பதுகளின் கடைசியில் கம்பெனிக்காரர்கள் கொச்சியில் சொல்லிச் செய்த ஈட்டி மரத்து நாற்காலி. அந்தக் காலத்துக்கு அது புதுப் பாணி. பழைய துரைமார் நாற்காலிகளைப் போல சிங்கப்பாதம், பூவேலை எதுவும் கிடையாது. நான்கு கால்களும் வெளியே சாய்ந்து கீழே போகப்போக மெலிந்திருக்கும். யாராவது கூப்பிட்டால் எழுந்து போகத் தயாராக இருப்பதுபோல் ஒரு நிற்பு. முதுகு நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்கும். கைகள் மட்டும் அகலம்.

மேனேஜர் கொச்சிப் பக்கத்து மனிதர். கலியாணம் செய்துகொள்ளாதவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சொல்லப்போனால் குரலையே அதிகம் கேட்டதில்லை. மாலை ஐந்து மணிக்கு அவர் அந்த நாற்காலியில் உட்காருவார். நாங்கள் படிக்குக் கீழே செருப்பை விட்டுவிட்டு, குடையை மடக்கி, ஒவ்வொருவராக மேலே போய் அன்றைய சோலியைச் சொல்ல வேண்டும். பறிப்பு எந்தக் காட்டில், களை எந்தக் காட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு இருக்கிறதா, யாருக்கு லீவு வேண்டும். அவர் சரி என்று சொல்லமாட்டார். கூடாது என்றால் மோதிர விரலால் நாற்காலியின் வலது கையில் இரண்டு முறை தட்டுவார். தட்டவில்லை என்றால் அனுமதி. இவ்வளவு சிக்கனமான நிர்வாகத்தை நான் படித்த எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

பிறகு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. வைத்தியத்துக்காக வாரக்கணக்கில் கொச்சிக்குப் போய்விடுவார். முதல் தடவை புறப்படும்போது ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் பதிவுபோல் நடக்கட்டும்" என்றார். பதிவு என்பது ஐந்து மணிக்கு வராந்தாவில் போய்ச் சொல்வது. ஆகவே நாங்கள் போய்ச் சொன்னோம். வெறும் நாற்காலிக்கு முன்னால் முதலில் நின்றவர் கங்காணி வீரணன். ஆறடி உயரம், மீசை, ஒற்றை யானையைத் தீப்பந்தம் காட்டி விரட்டியவர். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஐயா, தெக்குக் காட்டுல களையெடுப்பு. அட்டக்கடி சாஸ்தி. பொம்பளையாளுகளுக்குப் பொகையில வேணும்ங்குறாக" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். தட்டு விழவில்லை. புகையிலை கொடுக்கப்பட்டது.

நீ சிரிப்பாய். நாங்கள் சிரிக்கவில்லை. மழைக்காலத்தில் மாலை ஐந்து மணிக்கு மஞ்சு, அதாவது மலை மூடுபனி, வராந்தாவுக்குள் ஏறிவிடும். நாற்காலியின் கைகளும் முதுகும் மட்டும் தெரியும். நடுவில் வெள்ளையாக ஏதோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். அதற்கு முன்னால் நின்று பேசுகிறவனுக்கு அதில் யாரும் இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. தவிர, மறுப்பே சொல்லாத மேனேஜர் அமைவது யாருக்கும் கசப்பதில்லை. கேட்ட லீவெல்லாம் கிடைத்தது. சமையல்காரர் கோழி அடிக்க அனுமதி கேட்டார், கிடைத்தது. வீரணன் தன் மகளைத் தேவாரத்தில் கட்டிக்கொடுக்கலாமா என்று கேட்டார், அதற்கும் தடையில்லை. அந்தத் தோட்டம் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாக நிர்வகிக்கப்பட்டதில்லை. நாங்கள் எல்லோரும் அவரவர் விருப்பப்படி நடந்துகொண்டு, அதற்கான பொறுப்பை ஒரு நாற்காலியிடம் ஒப்படைத்திருந்தோம். நீ அலுவலகத்தில் அதிகாரியாக இருக்கிறாய். இந்த முறை மதுரையிலும் வழக்கத்தில் இருக்கிறதா என்று எனக்கு எழுது.

நீ நான்காம் வகுப்புப் படித்த வருடம் ஆடி மாதம் மழை விடாமல் பெய்தது. ஒரு புதன்கிழமை உன் அம்மாவுக்குக் காதில் வலி தொடங்கியது. உப்பு ஒத்தடம் கொடுத்தோம். வியாழக்கிழமை காய்ச்சல். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஆடு மாதிரி ஒரு சத்தம் போட்டாள். ஜீப்பு பங்களாவில் நின்றது. டிரைவர் தங்கப்பன் மத்தியானமே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"சாவி தா சாரே. பாதை எளகிக் கெடக்கு, இப்பப் போனாத்தான் உண்டு. இருட்டுக்கு முந்தி போடி ஆஸ்பத்திரி."

"அஞ்சு மணி ஆகட்டும். கேட்டுட்டுப் போயிருவோம்."

"யாருட்ட?"

நான் பங்களாப் பக்கம் பார்த்தேன். நாற்காலியை அவன் கசேர என்றுதான் சொல்வான்.

"சாரே, கசேரயா வண்டி ஓட்டப்போவுது? நானல்லே?"

சொந்தக் காரியத்துக்கு ஜீப்பை எடுக்க அனுமதி வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்குப் போனோம். தகரக் கூரையில் மழை. வீரணன் தன் சோலியைச் சொல்லி முடித்து ஒதுங்கினார். நான் முன்னால் போய், "வீட்டில் உடம்பு சரியில்லை. ஜீப்பைப் போடி வரைக்கும் எடுத்துப் போக அனுமதி வேண்டும்" என்றேன். வழக்கமாகக் காத்திருக்கும் அளவு காத்திருந்தேன். திரும்பி ஒரு படி இறங்கினேன்.

இரண்டு தட்டு விழுந்தது.

மழைச் சத்தத்துக்கு மேலே, நிதானமாக, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் அவர் எப்போதும் விடும் அதே இடைவெளியோடு விழுந்தது. நாற்காலியில் மஞ்சு மட்டும்தான் இருந்தது. வீரணன் தலைத்துண்டை வாயில் பொத்திக்கொண்டார். பிறகு துண்டை எடுத்துவிட்டு, ஒரு கங்காணி உத்தரவைத் திருப்பிச் சொல்லும் குரலில், "ஐயா வேணாங்குறாரு" என்றார். தங்கப்பன் குடையை விரிக்காமலே மழையில் இறங்கிப் போனான். அன்றைக்குப் பிறகு அவன் என்னைச் சாரே என்று கூப்பிட்டதில்லை.

நான் பயந்து கீழ்ப்படிந்தேன் என்று நினைக்காதே. பயம் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரியதாக ஒரு நிம்மதி இருந்தது. இளகின பாதையில், அரை நினைவாகக் கிடக்கிற பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போகலாமா, வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று காலையிலிருந்து என்னைத் தின்றுகொண்டிருந்த கேள்வியை வேறு யாரோ தீர்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "மேனேஜர் கொச்சியிலிருந்து தாக்கல் சொல்லி அனுப்பிட்டாரு. ஜீப்பு கூடாதாம்" என்றேன். அவள் கண்ணைத் திறந்து, "அவரு நல்லா இருக்கட்டும்" என்றாள். அவள் முழுதாகக் கேட்ட என் கடைசி வாக்கியம் அநேகமாக அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. அதற்குள் பாதை ஜீப்பு போக முடியாதபடி இளகியிருந்தது. நான்கு ஆட்கள் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக் குரங்கணிக்கு இறக்கினார்கள். அங்கிருந்து போடி. டாக்டர் என்ன சொன்னார் என்பதை நீ ஊகிக்கலாம், எல்லா டாக்டர்களும் சொல்வதுதான். இரண்டு நாள் முந்தி வந்திருக்க வேண்டுமாம். உயிர் தங்கியது. இடது காது முற்றாகப் போயிற்று. வலது காதில் இடி இடித்தால் மட்டும் தெரியும். அடுத்த புதன்கிழமை தோட்டத்துக்குத் தந்தி வந்தது. மேனேஜர் கொச்சியில் இறந்துபோயிருந்தார். இறந்த தேதியைப் பார்த்தேன். நான் ஜீப்பு கேட்ட வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் முந்தைய திங்கட்கிழமை.

அன்றைக்கே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நாற்காலிக்குள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, மலை ஈரத்தில் துருப்பிடித்து விடுபட்டிருக்கிறது, அதுதான் தட்டிய சத்தம். படித்தவன் என்கிற முறையில் எனக்கு இந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. ஒரு ஸ்பிரிங்கின் பேச்சைக் கேட்டு உன் அம்மாவின் காதைப் போக்கினவன் என்பது கேவலம்தான். ஆனால் அதற்கு மாறாக என்னவெல்லாம் நினைக்க வேண்டியிருக்கும் என்று யோசித்தால், கேவலமே தேவலை என்று தோன்றியது. உன்னிடமும் அதே தாக்கல் கதையைச் சொன்னேன். நீ அந்த மேனேஜரைப் பல வருடம் மனதாரத் திட்டினாய். கல்லூரி ஆண்டு மலரில், ஒரு தாயின் செவியைப் பறித்த தோட்ட முதலாளி என்று நான்கு பக்கம் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாய். நன்றாகவே எழுதியிருந்தாய். அதில் சொல்லப்பட்ட குற்றத்தைச் செய்த நாளில் அவர் பிணமாக இருந்தார் என்பது ஒன்றுதான் குறை.

தோட்டம் கைமாறியபோது பங்களாச் சாமான்களில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எனக்குச் சொன்னார்கள். நல்ல சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. நான் நாற்காலியைக் கேட்டேன். எனக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடிய ஒன்றை அந்நியர் வீட்டில் விட்டுவைப்பது விவேகமாகப் படவில்லை. போடிக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு நாளும் அதில் நான் உட்கார்ந்ததில்லை, நீ கவனித்திருக்கலாம். அதன் காதுபட எதையும் கேள்வியாகக்கூடப் பேசமாட்டேன். தட்டு ஒன்றும் விழவில்லை. உன் அம்மா மட்டும் மத்தியானச் சோறு முடிந்ததும் அதில் சாய்ந்து, அதன் அகலமான கைகளில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். இந்த வீட்டில் அதில் நிம்மதியாக உட்கார முடிந்தவள் அவள் ஒருத்திதான்.

உட்கார்ந்து உட்கார்ந்து மெத்தை கிழிந்து, நார் வெளியே வந்துவிட்டது. அதனால்தான் மெத்தைக்கடை செல்லையாவிடம் கொடுத்தோம். பத்து நாள் கழித்துத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினான். நன்றாகத்தான் செய்திருந்தான். உன் அம்மா பஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டாள். நான், எதையும் கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் பதினான்கு வருடமாகத் துருப்பிடித்துக் கிடந்த அந்த ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"பழைய ஸ்பிரிங்கையெல்லாம் என்ன பண்ணுன?"

"ஏது ஸ்பிரிங்கு? இதுல ஸ்பிரிங்கே இல்லண்ணே. அடியில நாடா வாரு, மேல தேங்காநாரு, அம்புட்டுத்தான்."

"ஒண்ணுகூடவா இல்ல? ஆணி கீணி ஏதாச்சும் லூசா?"

"ஆணியே கெடையாது. பூராம் மரத்துக்கு மரம் பூட்டு. ஆட்டிப் பாருங்க, அசையுதான்னு."

"வண்டு?"

"ஈட்டிண்ணே! வண்டு வந்தா பல்லு ஒடஞ்சுல்ல போகும். ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன். வலது கையில இந்த எடம் பாருங்க, ஒரு வெரலு அகலத்துக்கு. மூணு தடவ பாலீசு போட்டுட்டேன். இங்க மட்டும் புடிக்க மாட்டேங்குது. தொடச்சு விட்ட மாதிரி போயிருது."

அவன் போன பிறகும் நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உன் அம்மா என் தோளைத் தொட்டாள். "என்னங்க, அவன் என்னா சொன்னான்? மொகம் ஏன் இப்பிடிக் கெடக்கு?"

நாங்கள் பேசிக்கொள்ளும் முறை உனக்குத் தெரியும். அவள் வாயால் பேசுவாள், நான் நீள நோட்டில் எழுதிக் காட்டுவேன். பீரோவில் அப்படி நாற்பது நோட்டுக்கு மேல் இருக்கிறது. எல்லாம் என் பாதி மட்டும். ஆமாம், இல்லை, வெந்நீர் வேண்டும், மழை வரும்போல் இருக்கிறது. படிக்கிறவர்கள் என்னைத் தனக்குத்தானே பேசுகிற ஆள் என்று நினைப்பார்கள். அன்றைக்கு நோட்டை எடுத்து, 'ஒன்றுமில்லை' என்று எழுதப் போனேன். ஸ்பிரிங்தான் என்று இத்தனை நாள் என்னிடமே சொல்லிவந்த பொய் இல்லாமல், அவளிடம் சொன்ன பொய்யை மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்க முடியவில்லை. எல்லாவற்றையும் எழுதினேன். தாக்கல் வரவில்லை என்பதை, நாற்காலியிடம் கேட்டதை, தட்டு விழுந்ததை, திங்கட்கிழமையை. மூன்று பக்கம் வந்தது. அவள் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு தடவை படித்தாள். பேயைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"ஜீப்பு சாவி அப்ப யாருகிட்ட இருந்துச்சு?"

'என்னிடம்' என்று எழுதினேன்.

அவள் நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள். அடுத்த மூன்று நாள் வேலைகளெல்லாம் நடந்தன. குழம்பில் உப்பு சரியாகவே இருந்தது. அவள் பேசவில்லை, ஆகவே எனக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை.

கலியாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் ஏதாவது சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் வீட்டில் ஒரு காரியம் கூடாது என்று நீ நினைத்தால், கூடாது என்று நீயே சொல். ஆபீசில் விடமாட்டார்கள், அம்மா வருத்தப்படுவாள், நாள் சரியில்லை என்று உனக்கும் அவளுக்கும் நடுவில் யாரையும் கொண்டுவந்து உட்காரவைக்காதே. உட்காரவைத்தால் அவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்தெட்டு வயதும் இன்னொருத்தியின் இரண்டு காதும் ஆயின. உனக்கு அவ்வளவு செலவாக வேண்டாம்.

நான்காம் நாள் சாயங்காலம் உன் அம்மா முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள். காது கேளாதவர்கள் பேசுகிற அந்த உரத்த குரலில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"நான் சிலமலைக்கு எந்தம்பி வீட்டுக்குப் போறேன். இனிமே அங்கதான் இருக்கப்போறேன். போகலாமா?"

என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், வீரணன் நிற்பதுபோல, கை கட்டி. எதிர்வீட்டில் யாரோ மிளகாய் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றது. பச்சை ரெக்சினில் மாலை வெயில் விழுந்திருந்தது. மஞ்சு கிடையாது, மழை கிடையாது, நாற்காலியில் ஒன்றுமே இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

இரண்டு தட்டு விழுந்தது. அதே இடைவெளி.

உன் அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"தட்டுச்சா?"

அவளுக்கு இந்த வீட்டில் வேறு காது இல்லை. நான் சொல்வதுதான் அவளுக்கு உத்தரவு. ஆமாம் என்று தலையசைத்தால் அவள் இருந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. உறுதியாகத் தெரியாது, தோன்றியது. நோட்டு மடியிலேயே இருந்தது, எடுக்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. தட்டலையே?"

மறுபடியும் இல்லை என்று ஆட்டினேன். அவள் நாற்காலியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள்.

மறுநாள் காலையில் அவள் தம்பி டிராக்டர் கொண்டுவந்தான். பெட்டி, இரண்டு பித்தளைக் குடம், அவளுடைய முறம் ஆகியவற்றை ஏற்றிவிட்டு, "அந்தச் சேரயும் ஏத்து" என்று அவனிடம் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டேன். டிரெய்லரில் கயிறு போட்டுக் கட்டினோம். அவள் அந்த நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். பதினொன்றரைக்குச் சிலமலை போய்ச் சேர்ந்ததாகத் தம்பி தாக்கல் சொல்லி அனுப்பியிருக்கிறான். நாற்காலியை இனி நீ அவளிடம்தான் கேட்க வேண்டும். கலியாணப் பத்திரிகையை அங்கேயும் ஒரு கட்டு அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா